எஸ்டிமேட்டில் ஒரு பேய்

பழைய வீடுகளைப் பழுதுபார்க்கிற வேலையில், சாவி கைக்கு வருவதற்கு முன்பே பேய்க்கதை வந்து சேர்ந்துவிடும். டீக்கடைக்காரர் சொல்வார், பத்திர எழுத்தர் சொல்வார், மின் இணைப்பு பார்க்க வந்த லைன்மேன் வாசலோடு நின்றுகொண்டு சொல்வார். காரைக்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் சைட் இன்ஜினியராக இருந்த வீட்டிலும் அப்படித்தான். ஒருவர் அதை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்து ஹோட்டலாக மாற்ற நினைத்தார். ஓடு மாற்றுவது, உத்திரங்களைச் சரிசெய்வது, சுண்ணாம்புப் பூச்சைப் பழையபடி கொண்டுவருவது, இவைதான் எங்கள் பொறுப்பு. பேய் ஓட்டுவது ஒப்பந்தத்தில் இல்லை.

செட்டிநாட்டு வீடுகளில் பேய் குடியேற வசதி அதிகம். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் போய் முடியும். முற்றத்தோடு கூடிய வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது கல்யாணமான ஒவ்வொரு மகன் குடும்பத்துக்கும், ஓர் அறை. பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் தொழில் செய்து வந்த பணத்தில் எழுந்த வீடுகள். 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தது. போருக்குப் பிறகு அங்கிருந்த நிலங்களை அரசாங்கமே எடுத்துக்கொண்டது. பணம் வந்த வழி அடைபட்டதும் பிள்ளைகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். வீடு மட்டும் எல்லாப் பங்காளிகள் பெயரிலும் பொதுவாக நின்றது. கல்யாணம், முன்னோருக்குச் சோறு படைக்கும் படைப்பு என்று வந்தால் திறப்பார்கள். மற்ற நாட்களில் ஒரு காவல்காரரும் வௌவால்களும்தான். 2014-ல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. பூட்டு என்னவோ அப்படியேதான் தொங்கியது.

எங்கள் வீட்டில் தொந்தரவு மூன்றாம் கட்டில், சமையல் பகுதியில். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் ஆட்கள் அந்தப் பக்கம் போக மாட்டார்கள். மேலே யாரோ நடக்கிறார்கள், பாத்திரம் உருள்கிறது என்றார்கள். அப்புறம் ஒரு நாள், வெகுகாலம் பூட்டியிருந்த உள்ளறையைத் திறந்து கூட்டப் போன சித்தாள் மயங்கி விழுந்தார். மறுநாள் பாதி ஆள் வரவில்லை.

காரணங்கள் எனக்குத் தெரிந்துதான் இருந்தன. மேலே நடந்தது மரநாய். ஓட்டுக்கும் மச்சுக்கும் இடையில் குடும்பமாகவே இருந்தது. பழக்கொட்டை கலந்த அதன் எச்சம் அங்கங்கே கிடந்தது. வெயிலில் காய்ந்த ஓடு அந்தி நேரத்தில் குளிரும்போது டக் டக் என்று சத்தம் விடும். பல வருடம் மூடியிருந்த வீட்டில் காற்றும் ஈரமும் மாறினால் தேக்கு உத்திரம் முனகத்தான் செய்யும். அந்த உள்ளறையில் வௌவால் எச்சம் தரை தெரியாமல் கிடந்தது. அந்த நெடியில், சித்திரை வெயிலில், காலையில் ஒன்றும் சாப்பிடாமல் போனால் நானும்தான் விழுவேன்.

மேஸ்திரியை உட்கார வைத்து இதையெல்லாம் சொன்னேன். போதாக்குறைக்கு இங்கிலாந்துக் கதை ஒன்றையும் சொன்னேன். கவென்ட்ரியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த விக் டாண்டி என்பவருக்குக் கண்ணோரத்தில் சாம்பல் நிற உருவம் தெரிந்தது, உடம்பு சில்லிட்டது. தேடிப் பார்த்தால், புதிதாக மாட்டிய ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் 19 ஹெர்ட்ஸ் அளவில், காதுக்குக் கேட்காத அதிர்வை எழுப்பிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்ததும் உருவம் வரவில்லை. 1998-ல் கட்டுரையாகவே எழுதினார்.

மேஸ்திரி பொறுமையாகக் கேட்டார். "சரி சார். அவருக்கு ஃபேன். நிறுத்துனாரு, போயிருச்சு. நமக்கு எதை நிறுத்துறது?"

அவரை மூடநம்பிக்கைக்காரர் என்று ஒதுக்கிவிட முடியாது. பின்கட்டுக் கிணற்றைத் தூர் வாரவேண்டி வந்தபோது, ஆள் இறங்குவதற்கு முன் ஓர் அகல் விளக்கை ஏற்றி, வாளியில் வைத்துக் கயிற்றில் இறக்கினார். பாதி ஆழம் வரை சுடர் ஆடாமல் போனது. அதற்குக் கீழே மெல்லக் குறுகி, நீலமாகி, அணைந்தது. "ஒருத்தனும் இறங்கக் கூடாது" என்றார். உள்ளே பிராணவாயு குறைவு என்பதை அந்த விளக்கு காட்டிக்கொடுத்தது. எல்லா விஷவாயுவையும் விளக்கு காட்டாது என்பதால் வாயு அளக்கும் மீட்டரையும் வரவழைத்தேன். ஆனால் முதல் எச்சரிக்கை அவருடையது. கிணற்றில் இறங்கிச் செத்தவனை முனி அடித்துவிட்டது என்று சொல்லும் ஊரில் வளர்ந்தவர் அவர். முனியை நம்பினாரோ இல்லையோ, அது எந்த ஆழத்தில் நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்திருந்தது.

குத்தகைக்காரர் அவசரப்பட்டார். பெரிய சுதர்சன ஹோமம் ஒன்று, ராத்திரியில் உடுக்கையோடு ஒரு கோடாங்கி, வீடு முழுக்க வெண்கடுகுப் புகை, மூலைக்கு மூலை எலுமிச்சம்பழம் என்று நீண்ட பட்டியலோடு வந்தார். எனக்கு அந்தப் பட்டியலில் பேய் கண்ணில் படவில்லை. எலுமிச்சைச் சாறு சலவைக்கல்லைத் தின்னும், மஞ்சள் தண்ணீர் சுவரில் தங்கும், ஹோமச் சூட்டில் ஆத்தங்குடித் தரைக்கல் விரியும், புகை போய் வண்ணம் தீட்டிய மச்சில் படியும் என்பதுதான் ஓடியது. செட்டிநாட்டுச் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு என் கவலை புரியும். சுண்ணாம்பை அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து, மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கருவும் கலந்து, கல்லால் தேய்த்துத் தேய்த்து வழவழப்பு ஏற்றிய சுவர். கன்னத்தை வைத்தால் கோடையிலும் குளிரும். அதில் குங்குமக் கை ஒன்று பதிந்தால் எடுக்க வழியில்லை. அந்த இடத்தையே கொத்திப் புதிதாகப் பூச வேண்டும்.

பங்காளிகளில் மூத்த ஆச்சி ஒருவர் காரில் வந்து இறங்கினார். கோடாங்கி விஷயம் எப்படியோ காதுக்குப் போயிருக்கிறது. வளவில் நின்று என்னைத்தான் பிடித்தார்.

"யாரைத் தம்பி விரட்டப் போறீக? எங்க அப்பத்தாவையா?"

குத்தகைக்காரர் குறுக்கே வந்து, "ஆச்சி, ஆளுக பயப்படுறாங்க" என்றார்.

"பயந்தா சோறு போடணும். விரட்டுனா எங்க போவாக?"

இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் குடும்பங்களில் படைப்பு என்பது இதுதான். குடும்பத்தில் இறந்துபோன முன்னோரைத் தெய்வமாக வைத்து, பங்காளிகள் கூடி, புதுத்துணி எடுத்து, இலை போட்டுச் சோறு படைத்துக் கும்பிடுகிறார்கள். நான் அதுவரை பார்த்த சடங்குகள் எல்லாம் இருப்பதை வெளியேற்றுகிறவை. இது பேர் சொல்லி உள்ளே கூப்பிடுகிறது. கோடாங்கிக்குக் கொடுத்த அட்வான்ஸ் போனது போனதுதான்.

படைப்பு நடந்த அன்று எங்களுக்கு வேலையில்லை. அது அவர்கள் குடும்பத்துக் காரியம். சாரத்தைப் பிரித்து இடம் ஒதுக்கிக் கொடுத்துவிட்டு வெளியே இருந்தோம். வெளிநாட்டில் இருந்துகூட சிலர் வந்திருந்தார்கள். சொத்து விஷயமாக முகம் பார்க்காத இரண்டு பேர் ஒரே பந்தியில் உட்கார்ந்ததாகக் காவல்காரர் பிறகு வந்து சொன்னார்.

அடுத்து குருக்களை வைத்து வாஸ்து சாந்தி. இங்கேதான் எனக்கு வயிற்றில் புளி கரைத்தது. வைக்கோலில் ஒரு பொம்மை கட்டி, அதற்குத் தீ வைத்து, வீடு முழுக்க இழுத்துக்கொண்டு போய் வெளியே போடுவார்கள். நூறு வருடம் காய்ந்த பர்மாத் தேக்கு, கீழே எங்கள் மரத்தூள், ஓரத்தில் வார்னிஷ் டின்கள். குருக்களிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் சிரித்தார். "அக்னி எல்லா இடத்துக்கும் வரணும், அவ்வளவுதான் சார். தரையில தேய்ச்சுண்டுதான் வரணும்னு இல்ல." பொம்மை சிறியதானது. மண் நிரப்பிய இரும்புச் சட்டியில் அதை வைத்து, சட்டியைச் சங்கிலியில் கட்டி இரண்டு பேர் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பின்னால் மேஸ்திரி ஈரச்சாக்கோடு, அவருக்குப் பின்னால் நான் தீயணைப்பானோடு. ஹோமத்தை வளவின் திறந்த முற்றத்தில், மணல் பரப்பிச் செங்கல் அடுக்கி அதன்மேல் வைத்தோம். புகை நேரே வானத்துக்குப் போனது. மாவிலைத் தண்ணீர் தரையோடு நின்றது. பூசணிக்காயைத் தெருமுனையில் உடைத்து, பைக்காரன் யாரும் வழுக்கி விழாதபடி உடனே கூட்டி அள்ளச் சொன்னேன்.

முகப்பில் படுத்துத் தூங்கிய, மேற்கு வங்கத்து மூர்ஷிதாபாத் கொத்தனார்களுக்கு இது எதிலும் முழு நம்பிக்கை இல்லை. தர்காவுக்குப் போய் ஓதிய தண்ணீர் வாங்கி வந்து படுக்கும் இடத்தில் தெளித்துக்கொண்டார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று மேஸ்திரியும் ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொண்டார்.

சத்தம் நின்றது. அதே வாரம் மரநாய் நுழைகிற ஓட்டைகளையும் அடைத்திருந்தோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைத் தொடக்கூடாது. எல்லாம் இரை தேடி வெளியே போன ராத்திரியில், உள்ளே குட்டி இல்லை என்று பார்த்துக்கொண்டு, கம்பிவலை அடித்தோம். ஆனால் ஆட்கள் மூன்றாம் கட்டுக்குள் போனதற்கு வலை காரணம் என்று நான் நினைக்கவில்லை. சடங்குகள் முடிந்த மறுநாள் ஆச்சி தனியாகச் சமைக்கச் சொல்லி, வேலை செய்கிற அத்தனை பேரையும் இரண்டாம் கட்டில் உட்கார வைத்து இலை போட்டார். மயங்கி விழுந்த சித்தாளுக்கு அவரே பாயசம் ஊற்றினார். சாப்பிட்டு எழுந்து கை கழுவும்போது மேஸ்திரி சொன்னார்: "எங்க தாத்தா இந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அரைச்சவரு சார். வேலை முடிஞ்சப்புறம் இந்த வாசப்படி தாண்டுனதில்ல." பேயைவிடப் பழைய பயம் அது. அதற்கு என்ன ஹோமம் செய்திருந்தாலும் போயிருக்காது.

அன்று சாயங்காலம் ஐந்தரை மணி வரை மூன்றாம் கட்டில் பூச்சு வேலை நடந்தது.

இப்போதெல்லாம் பழைய வீட்டுக்கு எஸ்டிமேட் போட்டால் 'தள முன்னேற்பாடு' என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறேன். பூஜை, சாப்பாடு, தீயணைப்பான், மணல் எல்லாம் அதில் அடங்கும். வாடிக்கையாளரிடம் முதல் சந்திப்பிலேயே, இந்த வீட்டில் கும்பிடுகிறவர்கள் யார் யார், யாரைக் கும்பிடுகிறார்கள் என்று கேட்டுவிடுகிறேன். அந்த முதல் வீட்டில் இந்த வரி இல்லாததால் கணக்கு முடிக்கும்போது ஆடிட்டர் தட்சிணைக்கு ஜிஎஸ்டி பில் கேட்டார். நான் விழித்துக்கொண்டிருக்கையில் மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து நீட்டினார். குருக்களிடம் அன்றே எழுதி வாங்கியிருக்கிறார்: 'வாஸ்து சாந்தி வகையறா. பெற்றுக்கொண்டேன்.' கீழே ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து.