மாவுத் தூக்குக்கு இடம் தேடிய கதை

ஸ்டுட்கார்ட்டில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டின் சமையலறையில், சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாய்களையும் அடுப்புக்கான மின் இணைப்பையும் தவிர வேறொன்றும் இல்லை. ஜெர்மனியில் பல வாடகை வீடுகள் இப்படித்தான் கைக்கு வருகின்றன; காலி செய்பவர் பாத்திரம் கழுவும் தொட்டியைக்கூடக் கழற்றிக்கொண்டு போவதுண்டு. குளிர்பதனப் பெட்டியும் இனிமேல்தான் வாங்க வேண்டும்; நவம்பர் மாதம் என்பதால் பாலும் தயிரும் எவர்சில்வர் மாவுத் தூக்கும் முதல் இரண்டு வாரங்கள் பால்கனியில் குடியிருந்தன.

கடைக்குப் போனதும் எங்களைக் குழப்பியது மின்சிக்கன முத்திரை. ஊரில் ஐந்து நட்சத்திரம் பார்த்து வாங்கிப் பழகிய கண்ணுக்கு, நல்ல விலையுள்ள பெட்டிகளில் ‘இ’ என்றும் ‘எஃப்’ என்றும் எழுதியிருந்தது தேர்வில் தோற்ற மதிப்பெண்ணாகத் தெரிந்தது. 2021 மார்ச்சில் ஐரோப்பிய ஒன்றியம் ‘ஏ’ முதல் ‘ஜி’ வரையிலான புதிய அளவுகோலைக் கொண்டுவந்தபோது தரத்தைக் கடுமையாக்கியதால், அதற்கு முன் ‘ஏ’வுக்குப் பக்கத்தில் மூன்று பிளஸ் குறியோடு விற்ற பெட்டிகளே பல படிகள் கீழே இறங்கின என்பது பிறகுதான் புரிந்தது. எழுத்தை விட்டுவிட்டு, அதே முத்திரையில் அச்சிட்டிருக்கும் ஆண்டு மின்செலவைப் பார்த்தோம். நாங்கள் ஒப்பிட்டவற்றில் ‘இ’ பெட்டிக்கு 238 யூனிட், ‘சி’ பெட்டிக்கு 149 யூனிட். எங்கள் கட்டணமான 35 சென்ட்டில் கணக்கிட்டால் ஆண்டுக்கு 31 யூரோதான் மிச்சம். விலை வித்தியாசமோ 350 யூரோ. ‘இ’யே போதும் என்று முடிவு செய்தோம்.

உண்மையில் எங்களுக்கு முக்கியமாக இருந்தது உறைபெட்டிதான். ஈழத்தமிழர் ஒருவர் நடத்தும் கடைக்கு மாதம் ஒருமுறைதான் போக முடிகிறது. முருங்கைக்காய், தேங்காய்த்துருவல், மீன் எல்லாம் உறைந்த நிலையில்தான் வாங்குகிறோம். ஊரில் மேலே இருக்கும் உறைபெட்டி இங்கே பெரும்பாலும் அடியில், இழுப்பறைகளாக இருக்கிறது. பனியைச் சுரண்டும் வேலை வேண்டாம் என்று ‘நோ ஃபிராஸ்ட்’ வகையைக் கேட்டோம். இதற்கிடையில் என் மனைவி கைப்பையிலிருந்து மாவுத் தூக்கை எடுத்து ஒவ்வொரு பெட்டியின் தட்டிலும் வைத்துப் பார்த்தார். விற்பனையாளர் ஒன்றும் கேட்கவில்லை. மூன்றாவது பெட்டியில் தானே முன்வந்து மேல்தட்டை ஒரு படி உயர்த்திக் கொடுத்தார். தூக்கு உள்ளே போனது, பெட்டியும் முடிவானது. கதவு எங்கள் சன்னல் பக்கம் திறந்தால் இடிக்கும் என்பதால், கீலை மறுபக்கம் மாற்ற முடியுமா என்று மட்டும் உறுதி செய்துகொண்டோம்.

கேட்க மறந்தது ஒன்று உண்டு. விலைச்சீட்டில் பொடி எழுத்தில் இருந்த ‘நடைபாதை ஓரம் வரை’ என்ற விநியோக நிபந்தனைக்கு, பெட்டியைத் தெருவோரத்திலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள் என்று பொருள். லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு அதை நானும் பக்கத்து வீட்டுக்காரரும் ஏற்றினோம். திருப்பத்தில் சாய்க்க வேண்டியிருந்தது. சாய்த்தால் கம்ப்ரசர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடக்கூடும் என்பதால், நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் கழித்தே மின் இணைப்புக் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் அப்பா, “ஸ்டெபிலைசர் வாங்கிட்டியாப்பா?” என்றார். இங்கே அது தேவையில்லை என்பதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அன்றிரவும் மாவு பால்கனியிலேயே இருந்தது.