பெற்றோர் வேண்டுகோளின்படி

மாற்றுச் சான்றிதழில் ஒரு கட்டம் உண்டு. மாணவர் பள்ளியை விட்டு விலகக் காரணம் என்ன என்று கேட்கும் கட்டம். இருபது ஆண்டுகளுக்கு மேல் அதை நிரப்பியவள் நான். ‘மேற்படிப்புக்காக’, ‘தந்தையின் பணி மாறுதல்’, ‘பெற்றோர் வேண்டுகோளின்படி’ ஆகிய மூன்றில் ஒன்றைத் தவிர வேறு எதையும் அதில் எழுதிய நினைவில்லை. வேறு ஏதாவது எழுதியிருக்க வேண்டிய ஆண்டுகள் சில உண்டு. அப்போதும் மூன்றாவதையே எழுதினேன்.

செட்டிநாட்டில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி அது. காரைக்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் முக்கால் மணி நேரம். உள்ளூர்ச் செட்டியார் குடும்பம் ஒன்று கட்டி, பின்னாளில் அரசிடம் ஒப்படைத்த கட்டடம். முகப்பில் பர்மாத் தேக்குத் தூண்கள். மழைக்காலத்தில் மூன்று வகுப்பறைகளில் ஒழுகும் இடத்துக்கு வாளி. ஆசிரியராக இருந்த அப்பா பணியிலேயே இறந்துபோனதால் கருணை அடிப்படையில் எனக்கு இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. கட்டடம் கொடுத்தவரின் மாலை போட்ட படத்துக்குக் கீழே என் மேசை.

2011 ஜூனில் புதிய தலைமை ஆசிரியர் வந்தார். வந்த அன்றே ரொக்கப் புத்தகத்தைக் கேட்டார். மாலைக்குள் ஒரு வரி விடாமல் பார்த்துவிட்டு, “தணிக்கைத் தடை எத்தனை நிலுவையில் இருக்கிறது, அம்மா?” என்றார். மூன்று ஆண்டுகளாக யாரும் தொடாத தடைகளை ஆறே மாதத்தில் தீர்த்துவைத்தார். பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் வந்தது. ஒன்பதே காலுக்கு வரும் ஆசிரியர்கள் எட்டே முக்காலுக்கு வந்தார்கள். அவர் மீது எனக்கு மரியாதை ஏற்பட்டது. இன்றும் முழுதாகப் போய்விடவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு பட்டியல் இருக்கும். மாவட்டக் கல்வி அலுவலர் பதவி உயர்வுக்கான பணிமூப்புப் பட்டியல். தமக்கு முன்னால் இருப்பவர்களில் யாராவது ஓய்வு பெற்றால் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போடுவார். அப்போது ஓய்வு வயது 58, அவருக்கு 54. கோடுகள் அவர் பெயரை நெருங்குவதற்குள் வயது முந்திவிடுமோ என்ற கவலை அவருக்கு நிரந்தரமாக இருந்தது. ஒரு நாள் தாமாகவே சொன்னார்: “என் அப்பா பள்ளிக்கூடத்தில் பியூன், அம்மா. ஆய்வுக்கு அதிகாரி வரும் நாளில் காலை நாலு மணிக்கே போய் வாசல் தெளிப்பார்.” அதற்கு மேல் அவர் சொல்லவில்லை. எனக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பட்டியலில் பெயர் ஏறுவதற்குப் பணிமூப்பு போதும். ஏறிய பெயர் இறங்காமல் இருப்பதில்தான் சங்கடம். பட்டியல் வெளியாகும் வேளையில் அரசுப் பணியாளர் ஒழுங்கு விதிகளின் 17(ஆ) பிரிவில் ஒரு குற்றச்சாட்டுக் குறிப்பாணை நிலுவையில் இருந்தால் பெயர் அப்படியே நின்றுவிடும். தேர்ச்சி விழுக்காடு குறைந்த பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களிடம் விளக்கம் கேட்பார்கள். அந்த விளக்கம் எந்தப் பிரிவில் போய் முடியும் என்று யாருக்கும் சொல்லத் தெரியாது. 2012 பத்தாம் வகுப்புத் தேர்வில் எங்கள் தேர்ச்சி 82 விழுக்காடு. மாவட்ட மீளாய்வுக் கூட்டத்தில் அவரை எழுந்து நிற்கச் சொல்லி, கையில் மைக்கைக் கொடுத்துக் காரணம் கேட்டிருக்கிறார்கள். சாயங்காலம் திரும்பி வந்தவர் மின்விசிறியைக்கூடப் போடாமல் அறையில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் ஒன்பதாம் வகுப்பு மதிப்பெண் பதிவேட்டைக் கேட்டார்.

கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரையில்தான் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதுவரை வெளியே அனுப்ப முடியாது. ஒன்பதில் அந்தப் பிடி விடுபடுகிறது. பத்தாம் வகுப்பில் தேறமாட்டார்கள் என்று தோன்றிய பிள்ளைகளின் பெற்றோர் ஒருவர்பின் ஒருவராக அழைக்கப்பட்டார்கள். தகப்பன் வருவது அபூர்வம், தாய்தான் வருவாள். அவர் நாற்காலி போட்டு உட்காரவைப்பார். அதட்டியதே இல்லை. “இங்கே எழுதித் தோற்றால் பையன் மனசு உடைந்துபோவான். டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள். தனித்தேர்வராக நிதானமாக எழுதட்டும்” என்பார். அந்தக் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. பாதி நம்பித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். முழுக்கப் பொய் சொல்லியிருந்தால் இத்தனை தாய்மார் கையெழுத்துப் போட்டிருக்கமாட்டார்கள்.

‘என் சொந்த விருப்பத்தின் பேரில்’ என்று தொடங்கும் விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்தவள் நான். பெயருக்கும் வகுப்புக்கும் மட்டும் இடம் விட்டு ஐம்பது படிகள் எடுத்து இழுப்பறையில் வைத்திருந்தேன். சொந்த விருப்பத்தை ஐம்பது படி எடுப்பதிலுள்ள கோணல் அன்று எனக்கு உறைக்கவில்லை. சம்பளப் பட்டியல் போடும் அவசரத்தில் அதுவும் ஒரு படிவம்.

பலகாரம் போடும் வீட்டில் வேலை செய்யும் ஒருத்தி வந்தாள். கல்யாணத்துக்கும் அறுபதாம் கல்யாணச் சாந்திக்கும் டின் டினாக மனகோலமும் சீப்புச் சீடையும் சுடுகிற வீடு. கை முழுக்க எண்ணெய்ச் சூட்டுத் தழும்பு. காகிதத்தில் எண்ணெய் படிந்துவிடும் என்று முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு, எழுத்து எழுத்தாகப் பெயரை எழுதினாள். எழுதி முடித்துவிட்டு, “மார்க்கு வந்ததும் திரும்பச் சேர்த்துக்கொள்வீர்கள் இல்லையா, அம்மா?” என்று என்னிடம் கேட்டாள். தனித்தேர்வர் என்றால் என்னவென்றே அவளுக்குப் புரிந்திருக்கவில்லை. “ஐயாவிடம் கேளுங்கள்” என்றேன்.

2013இல் நூறு விழுக்காடு. 2014இலும் நூறு. பஸ் நிறுத்தத்தில் அவர் படம் போட்ட பிளெக்ஸ்.

ஊர் அவரை நம்பவில்லை. நம்பிக்கையின்மை முதலில் சின்னச் சின்ன விஷயங்களில்தான் தெரிந்தது. ஆண்டு விழாவுக்கு வழக்கமாக வந்து முன்வரிசையில் உட்காரும் ஆச்சிமார் வரவில்லை. விலையில்லா மடிக்கணினி கொடுக்கும்போது ஒவ்வொரு பிள்ளையோடும் அவர் படம் எடுத்துக்கொண்டதை, “கோப்புக்கு எடுக்கிறார்” என்று டீக்கடையில் சொன்னார்கள். பட்டங்களோடு தம் பெயரைப் பெரிதாக எழுதிய பலகையை நுழைவாயிலில் மாட்டினார். கட்டடம் கொடுத்தவரின் கல்வெட்டு அதற்குப் பின்னால் பாதி மறைந்தது. வேறு ஊராக இருந்தால் யாரும் கவனித்திருக்கமாட்டார்கள். எங்கள் பக்கத்தில் தூணிலும் கல்லிலும் உபயம் யார் என்று படித்தே வளர்ந்தவர்கள் நாங்கள்.

இதில் ஊரின் அளவுகோலும் கொஞ்சம் அநியாயமானது. வள்ளல் அழகப்பர் 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கியவர். மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வர வேண்டும் என்று 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர். 1957இல் நாற்பத்தெட்டு வயது நிறைவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். இன்றும் பள்ளிக்கூடத்துக்காரர் ஒருவரைப் பற்றிப் பேச்சு வந்தால் அவரை இழுக்காமல் இருக்கமாட்டார்கள். மாதச் சம்பளக்காரர் ஒருவரை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் எவர்தான் தேறுவார்? ஆனால் ஊரார் அவரிடம் கொடையை எதிர்பார்க்கவில்லை என்று பின்னால் புரிந்தது. இந்தப் பள்ளிக்கூடம் அவருக்கு ஏணியின் ஒரு படியா, அல்லது வீடா என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதைச் சரியாகக் கண்டுபிடித்தவர் ஒரு கிழவர். எண்பது வயது. சிறுவயதில் மலாயாவின் ஈப்போவில் செட்டியார்களின் வட்டிக்கடைக் கிட்டங்கி ஒன்றில் எடுபிடி வேலைக்குப் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, ஊர் திரும்பிய பின் பெரிய வீடொன்றுக்குக் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு மனு, அதில் பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை. கேட்டது இரண்டே கேள்வி. 2012-13இல் ஒன்பதாம் வகுப்பில் பதிவான மாணவர் எத்தனை? அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதியவர் எத்தனை? பதிலைத் தயாரித்தது நான்: 64, 51. முப்பது நாள் கெடுவுக்குள் அனுப்பிவைத்தோம்.

பதிலைக் கையில் எடுத்துக்கொண்டு நேரில் வந்தார். என் மேசைக்கு எதிரே நின்றபடி, “வரவும் சரியாக இருக்கிறது, செலவும் சரியாக இருக்கிறது. ஐந்தொகை எடுத்தால் பதின்மூன்று பிள்ளைகள் உதைக்கிறதே, தாயி” என்றார். உட்காருங்கள் ஐயா என்றேன். உட்காரவில்லை. நான் பேரேட்டைப் புரட்டுவதுபோல் எதையோ புரட்டிக்கொண்டிருந்தேன்.

இந்தப் பதின்மூன்றை வைத்தே ஊர் மேலிடத்துக்கு எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. எழுதியது வேறு. மனு தயாரித்த கூட்டத்தில், “பிள்ளைகளை அனுப்பிவிட்டார் என்று எழுதினால் எந்த அதிகாரி வருவான்? பணம் என்று போட்டால்தான் ஜீப் வரும்” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அனுபவம் பேசியிருக்கிறது, தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெற்றோர் ஆசிரியர் கழகப் பணத்தை எடுத்துவிட்டார், நாலு மடிக்கணினியை விற்றுவிட்டார் என்று ஒரு பக்கம் நிறைய எழுதினார்கள். பிள்ளைகள் விஷயம் கடைசியில் ஒரு வரி. கையெழுத்துப் போட்டவர்கள் இருபது பேர். கணக்கப்பிள்ளை மட்டும் போடவில்லை. பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடுவதில்லை என்றாராம்.

சொன்னபடியே ஜீப் வந்தது. விசாரணை அதிகாரி இரண்டு நாள் உட்கார்ந்தார். ரொக்கப் புத்தகம், கழகத்தின் வங்கிப் புத்தகம், இருப்புப் பதிவேடு, மடிக்கணினி வாங்கிய பிள்ளைகளின் கையொப்பம் எல்லாவற்றையும் பார்த்தார். ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. மின்மோட்டாரைச் சரிசெய்யத் தலைமை ஆசிரியர் தம் கைப்பணம் போட்டிருந்ததுதான் வெளிப்பட்டது. மனு எழுதியவர்கள் மீது அதிகாரிக்கு எரிச்சல் வந்துவிட்டது. கடைசி வரிக்கு வந்தபோது சாயங்காலம் நாலரை. மாற்றுச் சான்றிதழ் அடிக்கட்டைகளைக் கேட்டார். புரட்டினார். எல்லாவற்றிலும் ஒரே காரணம், ஒரே கையெழுத்து.

“நீங்கள் எழுதியதா, அம்மா?”

“ஆமாம், ஐயா.”

“பெற்றோர் தாங்களாகக் கேட்டுத்தான் கொடுத்தீர்களா?”

“விண்ணப்பம் இருக்கிறது, ஐயா.”

அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை. அவருக்கும் தெரிந்திருக்கும். அடிக்கட்டைகளை எடுத்து என் முன்னால் வைத்து, “விண்ணப்பம் கிடக்கட்டும், கேட்டார்களா?” என்று இன்னொரு தரம் கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று பல இரவு யோசித்திருக்கிறேன். அவர் கேட்கவில்லை. காரைக்குடிக்குப் போய் ரயில் பிடிக்க வேண்டும் என்றார். ‘குற்றச்சாட்டுகளுக்கு ஆதாரம் இல்லை’ என்று அறிக்கை போனது.

திருடவில்லை என்பது ஊருக்கும் உள்ளூரத் தெரியும் என்றே நினைக்கிறேன். அவர்கள் மனத்தில் இருந்த புகாருக்கு எங்கள் அலுவலகத்தில் படிவம் இல்லை. பணம் போனால் பதிவேடு காட்டிக்கொடுக்கும். பிள்ளை போனால், தாயே அனுப்பியதாகப் பதிவேடு சொல்லும். அப்படிச் சொல்லும்படி எழுதியவள் ஒருத்தி இருந்தாள்.

2014 செப்டம்பரில் பதவி உயர்வு ஆணை வந்தது, வேறொரு மாவட்டத்துக்கு. வழியனுப்பு விழாவுக்கு ஊரில் முறையாகச் சொல்லி அனுப்பினோம். ஆசிரியர்களும் பிள்ளைகளும்தான் இருந்தார்கள். ஊரின் சார்பில் போட வேண்டிய சால்வையை உடற்கல்வி ஆசிரியரே போட்டார். விழா முடிந்து மேசையைக் காலி செய்யும்போது கண்ணாடிக்கு அடியிலிருந்த பட்டியலை எடுத்து நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

“நான் ஒரு ரூபாய் தொட்டதில்லை. உங்களுக்குத் தெரியும் இல்லையா, அம்மா?”

“தெரியும், ஐயா.”

“பிறகு இந்த ஊருக்கு என் மேல் ஏன் இத்தனை ஆத்திரம்?”

அவர் உண்மையாகவே கேட்டார். சொல்லியிருக்கலாம். அவர் அதிகாரி ஆகிவிட்டார் என்ற பயம் அல்ல. சொன்னால் ‘நீயும்தானே’ என்று அவர் திருப்பிக் கேட்பார் என்ற பயம். சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு பீரோவைச் சரிபார்க்கப் போய்விட்டேன்.

2019இல் ஓர் இளைஞன் அலுவலகத்துக்கு வந்தான். ஆத்தங்குடியில் தளக்கல் பட்டறையில் வேலை. விரல் நகங்களில் சிவப்பும் பச்சையும் ஏறிப்போயிருந்தன. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து நிறம் ஊற்றுகிற வேலையில் கைகாரனாம். மலேசியாவில் ஒருவர் கூப்பிடுகிறாராம். பாஸ்போர்ட்டுக்கு மாற்றுச் சான்றிதழ் வேண்டும், பழையது வீட்டுக்கூரை மாற்றும்போது தொலைந்துவிட்டது. காவல் நிலையச் சான்று உட்பட எல்லாக் காகிதமும் கையில் வைத்திருந்தான். பத்தாவது தேறியிருந்தால் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று போடமாட்டார்கள், மலேசியாவுக்குப் போக தனி அனுமதி வாங்க அலைய வேண்டியதில்லை என்று முகவர் சொன்னதாகவும் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். தனித்தேர்வராக எழுதவில்லையா என்று கேட்டேன். “ஒரு தடவை பணம் கட்டினோம், மேடம். அன்றைக்குப் பட்டறையில் வேலை இருந்தது” என்றான். தாயின் பெயரைப் பார்த்தேன். பலகாரக்காரி.

பழைய அடிக்கட்டையை எடுத்தேன். இரண்டாம் படியில் மூலத்தில் உள்ளபடியேதான் இருக்க வேண்டும் என்பது விதி. அப்போதிருந்த தலைமை ஆசிரியையிடம் போய், காரணம் எழுதும் கட்டத்தை மாற்றலாமா என்று கேட்டேன். என்னை விநோதமாகப் பார்த்தார். உள்ளதை எழுதுங்கள் என்றார்.

எழுதினேன். முத்திரை வைத்து நீட்டினேன். பையன் பிறந்த தேதியை மட்டும் இரண்டு தடவை ஆதார் அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டான். மற்ற வரிகளைப் படிக்கவில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடங்காமல் மார்போடு அணைத்தபடி டவுன் பஸ்ஸுக்கு ஓடினான்.