ஆனி மழையில் க்ரேப் ரோஜா: பன்னிரண்டில் ஒன்பது காலி

காலையில் பால் எடுக்கக் கதவைத் திறக்கப் போனவள், போகிற போக்கில் பீரோ மேலே ஒரு பார்வை பார்த்தேன். முந்தின ராத்திரி பதினொன்றரை வரை உட்கார்ந்து முடித்த பன்னிரண்டு க்ரேப் பேப்பர் ரோஜாக்களில் ஒன்பது தலையைத் தொங்கப் போட்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு அடி அகலம், பூவுக்குப் பதினெட்டு இதழ். வெளிவட்ட இதழ்கள் ஊறின அப்பளம் மாதிரி மடிந்து பீரோ விளிம்பைத் தாண்டித் தொங்கின. ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை, ஜன்னலும் சாத்தித்தான் இருந்தது. கேமரா லென்ஸில் பூஞ்சை பிடிக்காமலிருக்க எங்கள் வீட்டுக்காரர் ஒரு டப்பாவுக்குள் சின்ன ஈரப்பத மீட்டர் போட்டு வைத்திருக்கிறார். அதை எடுத்து வெளியே வைத்துப் பார்த்தேன். 88 சதவீதம்.

மும்பை செம்பூருக்கு வந்து பதினாலு வருஷம் ஆகிறது. மழைக்காலத்தில் உப்பு நீர்விடும், தீப்பெட்டி பற்றாது, செருப்பில் பூசணம் பூக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனால் நான் இதுவரை பேப்பர் பூ செய்ததெல்லாம் டிசம்பர், பிப்ரவரி விசேஷங்களுக்கு. இந்தத் தடவை நாத்தனாருக்கு ஏழாம் மாத வளைகாப்பு. ஆடி பிறந்துவிட்டால் வைக்கமாட்டோம், ஆனிக் கடைசியில்தான் நாள் கிடைத்தது. அதாவது நட்ட நடு மழை. சொசைட்டி ஹாலில் ஏழடிக்கு ஐந்தடி பேக்டிராப், அதாவது பின்னணி அலங்காரம் போட டெக்கரேஷன்காரர் சொன்ன தொகையைக் கேட்டு, "நானே செய்கிறேன், எத்தனை பூ செய்திருக்கிறேன்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன்.

எனக்கு வந்த முதல் கோபம் பேப்பர் மேல்தான். லோக்கல் க்ரேப் வேண்டாம், பெரிய பூ நிற்க வேண்டும் என்று ஆன்லைனில் இத்தாலிய க்ரேப் வரவழைத்தேன். 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம்), அரை மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் நீளம், அந்த ரோல்தான். நாலு ரோல் வாங்கினேன். விலையைச் சொன்னால் அத்தை என்னைத் தாம்பரத்துக்கே ரயிலேற்றி அனுப்பிவிடுவார், அதனால் சொல்லவில்லை. விற்றவர் வேறு ரோலைச் சுருட்டாமல் நாலாக மடித்து அனுப்பியிருந்தார், மடிப்புக் கோடு இதழின் நட்டநடுவில் வருகிறது. க்ரேப்பை மடித்து அனுப்புகிறவர்களை என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

சரி, அது கிடக்கட்டும். ஒன்பது பூ விழுந்தது, மூன்று ஏன் விழவில்லை? இதைத்தான் இரண்டு நாள் யோசித்தேன். அதே ரோல், அதே 20 நம்பர் கம்பி, பசையை உருக்கி ஒட்டுகிற அதே க்ளூ கன், அதே பீரோ. நின்ற மூன்றையும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது புரிந்தது. அவை நான் முதலில் செய்த மூன்று. நாலு மாதமாகக் கைபடாததால் இதழைக் கிண்ணம் மாதிரி குழிக்கும்போது பயந்து பயந்து இழுத்திருக்கிறேன். நாலாவது பூவிலிருந்து கை பழகி, தைரியம் வந்து, இரண்டு கட்டை விரலையும் நடுவில் வைத்துச் சுருக்கமே தெரியாத அளவுக்கு இழுத்துவிட்டேன். ராத்திரி பார்க்க அவைதான் அழகு. காலையில் விழுந்தவையும் அவைதான்.

க்ரேப்பின் பலமே அந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. ஆலையில் ஈரக் காகிதம் உருளையில் ஒட்டிக்கொண்டு வரும்போது ஒரு தகடு அதைச் சுரண்டி எடுக்கிறது, அப்போது விழுகிற மடிப்புகள்தான் இந்தக் கோடுகள். நான் அவற்றை முழுக்க இழுத்தால் மிஞ்சுவது வெறும் மெல்லிய காகிதம். அதுவும் காகித நார் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுகிற சாதி, உறிஞ்சினால் நாருக்கும் நாருக்கும் உள்ள பிடி தளர்கிறது. பிப்ரவரியில் இந்தத் தப்பை எத்தனை தடவை செய்திருந்தாலும் தெரிந்திருக்காது.

சந்தேகம் தீர ஆறு இதழ் வெட்டினேன். இரண்டைக் குழிக்கவே இல்லை, இரண்டை அரைவாசி, இரண்டை முழுக்க. அடியில் துணி க்ளிப் போட்டு சமையலறைக் கொடியில் நிமிர்த்தி நிறுத்தினேன். ராத்திரி முழுக்க மழை. காலையில் முழுசாக இழுத்த இரண்டும் க்ளிப்புக்கு மேலே இரண்டு விரல் அளவில் ஒடிந்து குனிந்திருந்தன. அரைவாசி இழுத்தவற்றில் ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தது, மற்றது அப்படியே நின்றது. அங்கேயே காபி குடித்துக்கொண்டு சிரித்ததைப் பார்த்து வீட்டுக்காரர் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

அப்புறம் விழுந்த ஒன்பதையும் காப்பாற்றப் பார்த்த கதை. க்ளியர் ஸ்ப்ரே அடித்தால் நிற்கும், ஆனால் வீட்டில் பிள்ளைத்தாச்சி இருக்கிறாள், அந்த நெடியே வேண்டாம் என்று விட்டேன். வெள்ளைப் பசையைத் தண்ணீரில் கரைத்துப் பின்பக்கம் தடவினேன், சாயம் இறங்கி ரோஸ் திட்டுத் திட்டாக ஆனதுதான் மிச்சம். கடைசியில் மெழுகு. இரண்டு மெழுகுவர்த்தியைக் கிண்ணத்தில் ஒடித்துப் போட்டு, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி (நேராக அடுப்பில் வைக்காதீர்கள், தீப்பிடிக்கும்), ஒரு இதழை முக்கி எடுத்தேன். ஐந்து நிமிஷத்தில் தகடு மாதிரி விறைத்துவிட்டது. ஆனால் நிறம்! இளரோஸ் போய்க் கத்திரிக்காய்த் தோலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது, வெளிச்சத்தில் பிடித்தால் எண்ணெய்ப் பலகாரம் வைத்த பேப்பர் மாதிரி. முழுசாக முக்கினால் ஆகாது. இப்போது வெளிவட்ட இதழின் பின்பக்கத்தில், கீழ் மூன்றில் ஒரு பாகம் மட்டும் பிரஷ்ஷால் தடவுகிறேன், முன்னாலிருந்து பார்த்தால் அடியில் கொஞ்சம் நிழல் விழுந்த மாதிரி இருக்கிறது. இப்படி ஐந்து பூவைத் தேற்றினேன். நாலு குப்பைக்கு. தேறின எட்டும் மூடி இறுக்கமான பெரிய பிளாஸ்டிக் டப்பாவில், லென்ஸ் டப்பாவிலிருந்து திருடின, ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல்லோடு இருக்கின்றன. ஜெல் மணிகள் நீலத்திலிருந்து ரோஸாக மாறினால் சூடுகாட்டித் திரும்பப் போட வேண்டும்.

எட்டு ரோஜாவை வைத்துக்கொண்டு ஏழடியை நிரப்ப முடியாது. மிச்சத்துக்கு என்ன செய்வது என்று உட்கார்ந்திருந்தபோதுதான் நாத்தனார், "அண்ணி, எல்லாரும் ரோஜாதான் வைக்கிறாங்க, கனகாம்பரம் செய்ய முடியாதா?" என்று கேட்டாள். சரம் சரமாகத் தொங்கவிட்டால் இடமும் நிரம்பும். சின்னப் பூ என்பதால் விறைப்பாக நிற்க வேண்டிய அவசியமும் இல்லை, எப்படித் தொங்கினாலும் சரம் சரம்தான்.

கனகாம்பரத்தை உற்றுப் பார்த்திருக்கிறீர்களா? மாட்டுங்கா கோயில் பக்கத்துப் பூக்கடையில் ஒரு முழம் வாங்கி வந்து பிரித்தேன். இதழ் வட்டமாகச் சுற்றி வராது, விசிறி மாதிரி ஒரு பக்கமாக விரியும், ஐந்து பிளவு, அதற்கடியில் நூல்போல ஒரு குழல். பேப்பரில் விசிறி சுலபம், குழல்தான் உயிரை எடுத்தது.

மூன்று செமீ அகலம், நாலரை செமீ உயரத் துண்டு, கோடு மேலிருந்து கீழாக ஓட வேண்டும். ஆறு அடுக்கை ஒன்றாக வைத்து வெட்டினால் க்ரேப் வழுக்கும், அதனால் அடியில் பைண்டர் க்ளிப். மேலே நாலு வெட்டு, ஒன்றேகால் செமீ ஆழம், முனைகளை லேசாக வட்டமாக்க வேண்டும். இதற்கு டெய்லர்கள் வைத்திருக்கும் த்ரெட் கட்டர்தான் சரி, பெரிய கத்திரி ஆகவே ஆகாது. பிறகு கீழ்ப்பாதியை முறுக்க வேண்டும். முதலில் இத்தாலிய க்ரேப்பில் செய்தேன், விட்டதும் ஸ்பிரிங் மாதிரி பிரிந்தது. பசை வைத்து முறுக்கினால் குழல் பென்சில் கனத்துக்கு வந்தது, கனகாம்பரம் இல்லை, ஊமத்தம்பூ. க்ளூ கன் பற்றிப் பேசவே வேண்டாம், பூவுக்குப் பூ ஒட்டடை நூல்.

வழி காட்டியது மலிவுப் பேப்பர்தான். ஹார்பர் லைன் ரயிலில் ஏறி மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி, அப்துல் ரெஹ்மான் ஸ்ட்ரீட்டில் இரண்டு லோக்கல் ஆரஞ்சு க்ரேப் வாங்கி வந்தேன், பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குத் தோரணம் வெட்டுகிற அதே மெல்லிசு. இதை விரலில் பசையே இல்லாமல், வெறும் ஈரத்துணியை ஒரு தடவை தொட்டுக்கொண்டு முறுக்கினால் போதும். முறுக்கு காய்ந்ததும் அப்படியே இறுகிவிடுகிறது. ரோஜாவைக் கவிழ்த்த அதே ஈரம்தான் இங்கே எனக்குக் கைவேலை செய்து கொடுக்கிறது. ஆனால் ஈரம் விரல் நுனியில் மட்டும், விசிறிப் பக்கம் பட்டால் சாயம் ஒழுகும். எப்போதும் ஒரே திசையில் முறுக்க வேண்டும், பாதியில் மாற்றினால் பிரிந்துவிடும். முறுக்கி முடித்த பிறகுதான் விசிறியைக் கட்டை விரலால் பக்கவாட்டில் இழுத்து விரிக்க வேண்டும். முதலிலேயே விரித்தால் முறுக்கும்போது சுருண்டு போகிறது, இதைக் கண்டுபிடிக்கவே நாற்பது பூ வீணானது. ஐந்து விரலும் மருதாணி வைத்த மாதிரி இருக்கின்றன, ஆபீஸில் இரண்டு பேர் என்ன விசேஷம் என்று கேட்டுவிட்டார்கள்.

ஒரு பூவுக்கு நாற்பது வினாடி. நான் கட்டின முதல் முழத்துக்கு 104 பூ பிடித்தது. வேண்டியது இருபது முழம். கணக்குப் போட்டேன், வெறும் முறுக்கலுக்கே 23 மணி நேரம். கணக்குப் போடாமலே இருந்திருக்கலாம்.

கட்டுவது தனிப் பாடு. நான் வெள்ளைத் தையல் நூலில் கட்டிக்கொண்டிருந்ததை அத்தை கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பூவ இப்படியா கெட்டுவாங்க? தள்ளு" என்று வாங்கிக்கொண்டார். திருநெல்வேலிக் கை, இரண்டு இந்தப் பக்கம், இரண்டு அந்தப் பக்கம், ஒரு சுண்டு, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சுண்டில் மெல்லிய நூல் பேப்பர்க் குழலை அறுத்துக்கொண்டு போனது, நாலு பூவுக்கு ஒன்று தலை வேறு முண்டம் வேறு. வாழைநாரில் கட்டுகிறேன் என்றார். நாரை நனைத்தால்தான் வளையும், நனைத்தால் சாயம் இறங்கும் என்று நான் மறுத்தேன். அவர் நம்பாமல் ஒரு சாண் கட்டிக் காட்டினார், நார் முழுக்க ஆரஞ்சாகி வெள்ளைச் சேலை மடியில் கறை. அன்று சாயங்காலம் என்னோடு பேசவில்லை. மறுநாள் அவரே மாட்டுங்கா பூக்காரம்மாவிடமிருந்து பூக்கட்டுகிற பருத்தி நூல் ஒரு உருண்டை வாங்கி வந்தார். அது தடிப்பாக, முறுக்குக் குறைவாக இருக்கிறது, குழலை அறுக்காமல் அமுக்கிப் பிடிக்கிறது. இனி எனக்கு இந்த நூல்தான்.

நடுநடுவே பச்சை க்ரேப்பை மயிர் மயிராக நறுக்கி மரிக்கொழுந்து வைத்துப் பார்த்தோம். நன்றாக இருக்கிறது. வெள்ளையில் மல்லி மொட்டும் முயற்சி செய்யலாம் என்று இருக்கிறேன், ஆனால் அது அடுத்த பதிவுக்கு. பிள்ளையார் சதுர்த்திக்கு சொசைட்டி மண்டபத்துக்கும் நீங்களே செய்யுங்கள் என்று செக்ரட்டரி பிடித்துக்கொண்டார். மகாராஷ்டிராவில் 2018 மார்ச்சில் தெர்மாகோல் அலங்காரத்துக்குத் தடை வந்ததிலிருந்து பேப்பர் பூ செய்யத் தெரிந்தவர்களுக்கு இப்படித்தான். பெரிய தாமரையாகச் செய்யலாம், இதழின் முதுகில் 26 நம்பர் கம்பி ஒட்டி. குப்பைக்குப் போன நாலு ரோஜாவின் கம்பியைப் பிரித்து எடுத்து வைத்திருக்கிறேன். இருக்கட்டும், முதலில் இது முடியட்டும்.

இப்போதைக்குப் பதின்மூன்று முழம் ஆகியிருக்கிறது, இன்னும் பதினொரு நாள். இரண்டு ரோலும் தீர்ந்துவிட்டன. சனிக்கிழமை மறுபடி மஸ்ஜித் போய் அதே கடையில், அதே ஆரஞ்சு என்று கேட்டு வாங்கி வந்தேன். வீட்டில் வந்து பழைய சரத்துக்குப் பக்கத்தில் வைத்தால் ஒரு சாயல் அடர்த்தி கூட. நான் ரோலைக் கையில் வைத்துக்கொண்டு புலம்ப, அத்தை நூலைப் பல்லில் கடித்துக்கொண்டே இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

"யாராவது கேட்டா, அது நம்மூரு கனகாம்பரம், இது டெல்லி கனகாம்பரம்னு சொல்லிரு. பூக்காரி கிட்டயும் ரெண்டும்தானே இருக்கு."

நேற்று ராத்திரி புது ரோலில் அறுபது பூ முறுக்கினேன்.