வலம், இடம், மறுபடி வலம்

2025 ஜனவரி 6, தண்டையார்பேட்டை

ஷார்ஜாவிலிருந்து வந்து மூன்று நாள் ஆகிறது. பெட்டியைக்கூட முழுசாகப் பிரிக்கவில்லை. பிப்ரவரி 22 இரவு திரும்பிப் போக டிக்கெட். நடுவில் 47 நாள். இந்தத் தடவை லைசன்ஸ் எடுக்காமல் விமானம் ஏறுவதில்லை.

போன ஆகஸ்டில் ஒரு ராத்திரி ஒரு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. டாக்சி போட்டேன், கேன்சல். மறுபடி போட்டேன், மறுபடியும் கேன்சல். வாசலில் அப்பாவின் ஆல்ட்டோ நிற்கிறது. சாவி என் கையில் இருக்கிறது. ஓட்டத் தெரியாது. எதிர் வீட்டுத் தம்பி தூக்கத்திலிருந்து எழுந்து வந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தான். அவன் ஊரில் இல்லாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.

அப்பா ஹார்பர் லாரி ஓட்டியவர். அவர் மகளுக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது.

ஜனவரி 8

என்னைப்போல் பாதி வருஷம் அங்கே, பாதி வருஷம் இங்கே என்று இருப்பவர்களுக்காக இதை விவரமாக எழுதி வைக்கிறேன். எல்.எல்.ஆர்., அதாவது பழகுநர் லைசன்ஸ், கிடைத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். எல்.எல்.ஆர். ஆறு மாசம்தான் செல்லும். அங்கேயோ, ஆறு மாசத்துக்கு மேல் வெளியில் இருந்தால் ரெசிடென்ஸ் விசா செல்லாமல் போய்விடும். ஒரு மாச லீவில் வருகிறவருக்கு 30 நாள் கணக்கு உதைக்கும். வந்து இறங்கிய வாரமே எல்.எல்.ஆர். போட்டால்தான் உண்டு.

ஆதாரில் பழைய கொருக்குப்பேட்டை வாடகை வீட்டு முகவரி இருந்தது. நல்லவேளை, போன தடவை வந்தபோதே மாற்றிவிட்டேன். லைசன்ஸ் கார்டை இப்போது கையில் தருவதில்லை, ஸ்பீட் போஸ்டில்தான் அனுப்புகிறார்கள். முகவரி தப்பாக இருந்தால் அவ்வளவுதான்.

வயது 40 தாண்டியதால் படிவம் 1ஏ, அதாவது டாக்டர் சர்ட்டிபிகேட் வேண்டும். தெருமுனை கிளினிக் டாக்டர் என்னை வாசலுக்கே கூட்டிவந்து, தூரத்தில் நின்ற ஒரு வண்டியின் நம்பரைப் படிக்கச் சொன்னார். 25 மீட்டர் தள்ளி நிற்கும் நம்பர் பிளேட் தெரிய வேண்டும் என்பது விதி. கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தேன். கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

ஜனவரி 9

எல்.எல்.ஆர். கையில். கம்ப்யூட்டரில் கேள்விகள் தமிழிலேயே வந்தன. பீஸ் 150, தேர்வுக்கு 50. காருக்கு மட்டும்தான் போட்டேன். அம்மாவால் ஸ்கூட்டரில் உட்கார முடியாது.

ஜனவரி 13

இன்றைக்கு முதல் கிளாஸ் என்று சொல்லியிருந்தார்கள். போகிப் புகையில் தெருவே தெரியவில்லை. டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் போன் செய்து, "பொங்கல் முடிஞ்சி பாத்துக்கலாம்மா" என்றார். நாலு நாள் போகிறதே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

ஜனவரி 19

மாஸ்டருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். குரலை உயர்த்துவதே இல்லை. இன்று வண்டியை நிறுத்திவைத்து, செருப்பைக் கழற்றச் சொன்னார். "வெறுங்கால்ல மிதிச்சிப் பாரும்மா. கிளட்ச்ச மெதுவா வுடு. வண்டி லேசா மூச்சு வுடும் பாரு, அங்கயே நிறுத்து." காலை மெல்ல எடுத்தேன். பாதிக்கு மேல் வந்ததும் பானட் ஒரு விரல்கடை எழும்பியது, இன்ஜின் சத்தம் கனத்தது, உள்ளங்காலில் ஒரு நடுக்கம். "அதான். அந்த எடம் தெரிஞ்சா பேசின் பிரிட்ஜ் ஏத்தத்துல கூட வண்டி பின்னால போவாது."

இருபது தடவையாவது செய்திருப்பேன். ராத்திரி படுக்கும்போதும் அந்த நடுக்கம் காலிலேயே இருந்தது.

ஜனவரி 22

வீட்டுக்காரர் ஷார்ஜாவிலிருந்து போனில் கேட்டார்: "இங்க ஓட்ட ஆகாத லைசன்ஸ எதுக்கு இவ்ளோ அவசரமா எடுக்குற?" உண்மைதான். இன்டர்நேஷனல் பெர்மிட் 1000 ரூபாய் கட்டி வாங்கினாலும், ரெசிடென்ஸ் விசாவில் இருப்பவர் அதை வைத்துக்கொண்டு அங்கே ஓட்ட முடியாது. அந்த ஊர் டெஸ்டைத் தனியாகப் பாஸ் செய்ய வேண்டும். ஆனால் எனக்கு வண்டி வேண்டியது அங்கே இல்லையே. அங்கே அவர் இருக்கிறார். இங்கே அம்மா தனியாக இருக்கிறாள்.

ஜனவரி 27

இன்று காலை ஐந்தரைக்கே மாஸ்டர் எண்ணூர் நெடுஞ்சாலைக்குக் கூட்டிப்போனார். ஹார்பருக்குள் போகக் காத்திருக்கும் கண்டெய்னர் வண்டிகள் வரிசையாக நின்றன. ஓரமாக நிறுத்தி இறங்கச் சொன்னார். இந்தப் பக்கத்தில் கார் ஓட்டுகிறவர் முதலில் படிக்க வேண்டிய பாடம் இதுதான் என்றார்.

ஒரு டிரெய்லர் இடது பக்கம் திரும்பியது. முன் பகுதி முதலில் வலது பக்கமாக விலகிப் போனது. இடப்பக்கம் ஒரு கார் தாராளமாக நுழையும் அளவுக்கு இடம் கிடைத்தது. அடுத்த நொடியே பின் சக்கரங்கள் அந்த இடத்தை அப்படியே அடைத்துக்கொண்டு, நடைபாதையை உரசியபடி உள்ளே வாங்கின. "எடம் குடுக்குறான்னு நெனச்சி பூந்துடுவாங்க. அவன் எடம் குடுக்கல, திரும்பறான்." பிறகு என்னை லாரியின் பின்பக்க ஓரத்தில் நிற்க வைத்து, "டிரைவர் கண்ணாடி தெரியுதா?" என்று கேட்டார். தெரியவில்லை. "அப்ப நீயும் அவனுக்குத் தெரியலம்மா."

அப்பா இதே சாலையில் எத்தனையோ விடியற்காலை இப்படிக் காத்திருந்திருப்பார். வீட்டுக்கு வந்ததும் அவர் கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அதைத் தூக்கமில்லாத கண் என்று மட்டும்தான் நினைத்தேன். அத்தனை நீள வண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டு, யாரும் உள்ளே பூந்துவிடக் கூடாதே என்று கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்த கண் அது.

பிப்ரவரி 4

டெஸ்டுக்கு 13ஆம் தேதி ஸ்லாட். 8ஆம் தேதியோடு 30 நாள் முடிகிறது, ஆனால் அது சனிக்கிழமை. 11 தைப்பூச விடுமுறை. 13தான் கிடைத்தது. மாலையில் ஆல்ட்டோவில் சிவப்பு எல் ஒட்டி, எதிர் வீட்டுத் தம்பியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நாலு தெரு ஓட்டினேன்.

பிப்ரவரி 13

பெயில்.

கை சிக்னல் எல்லாம் சரியாகக் காட்டினேன். ரிவர்ஸ் எடுத்தேன். கிளைத் தெருவிலிருந்து மெயின் ரோட்டுக்கு இடது பக்கம் திரும்பும்போது, இடது பக்கம் பார்த்தேன். காலியாக இருந்தது. எடுத்தேன். வலது பக்கத்திலிருந்து பைக் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பிரேக் இன்ஸ்பெக்டர் தன் பக்க பிரேக்கை மிதித்தார். பைக்கில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை முன்னால் உட்கார்ந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை. "எந்தப் பக்கம்மா வண்டி வரும்?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல வாய் வரவில்லை.

ராத்திரி யோசித்தபோதுதான் புரிந்தது. ஷார்ஜாவில் வண்டிகள் வலப்பக்கம் போகும். அங்கே பதினொரு வருஷமாக ரோட்டைக் கடக்கும்போது முதலில் இடது பக்கம் பார்த்துப் பார்த்துக் கழுத்துக்கே பழகிவிட்டது. பிறந்து வளர்ந்த ஊரில், வண்டி எந்தப் பக்கம் வரும் என்பதை உடம்பு மறந்திருக்கிறது. பெயில் ஆனதைவிட அதுதான் வலிக்கிறது.

பிப்ரவரி 14

மறு டெஸ்டுக்கு 7 நாள் கழிய வேண்டும். அதற்கு மறுபடி 300 ரூபாய். 21ஆம் தேதி ஸ்லாட் கிடைத்தது. விமானம் 22.

மாஸ்டர் ஒரே ஒரு வேலை கொடுத்தார். "வண்டிய வுடு. நட. ஒவ்வொரு முக்குலயும் நின்னு வாய்விட்டுச் சொல்லு: வலம், இடம், மறுபடி வலம்."

பிப்ரவரி 17

காலையில் மீன் வாங்கக் காசிமேடு, மதியம் எம்.சி. ரோடு, சாயங்காலம் அம்மாவின் மாத்திரை வாங்க ஸ்டான்லி பக்கம். எல்லாம் நடைதான். முக்குக்கு முக்கு நின்று சொன்னேன். வஞ்சிரம் வெட்டித் தந்த அக்கா, "இன்னாமா வேண்டிக்கினு போற?" என்று கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். "எம் பொண்ணும் கத்துக்கணும்னு சொல்லிக்கினே கீறா, அந்த மாஸ்டர் நம்பர் குடு" என்றார். எழுதிக் கொடுத்தேன்.

பிப்ரவரி 21

பாஸ்!

அதே முக்கு. நின்றேன். வலம், இடம், மறுபடி வலம். ஒரு ஷேர் ஆட்டோ போகும்வரை காத்திருந்து எடுத்தேன். இன்ஸ்பெக்டர் தலையசைத்தார். பின் சீட்டில் இருந்த மாஸ்டரைக் கண்ணாடியில் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டிருந்தார், உதடு மட்டும் அசைந்தது.

பிப்ரவரி 22

சாயங்காலம் போனில் பார்த்தேன், லைசன்ஸ் நம்பர் ஏறியிருந்தது. கார்டு வராவிட்டாலும் டிஜிலாக்கரில் இருப்பது செல்லும். எல் ஸ்டிக்கரை உரித்துவிட்டு, அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் மாட்டிவிட்டு, ஸ்டான்லி வாசல் வரை போய்த் திரும்பினோம். வைத்தியத்துக்கு இல்லை, வழி பழக. அம்மா வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை. வீட்டு வாசலில் நிறுத்தியதும், "ஒங்கப்பா மாதிரியே கண்ணாடியப் பாக்குற" என்றாள்.

மார்ச் 3, ஷார்ஜா

அம்மா போன் செய்தாள். ஸ்பீட் போஸ்ட் வந்துவிட்டதாம். போஸ்ட்மேன் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தாராம். "2035 வரைக்கும்னு போட்டிருக்குது" என்று எழுத்துக்கூட்டிப் படித்தாள். அப்பாவின் லைசன்ஸ் புத்தகம் இருக்கிற டப்பாவில் வைத்திருக்கிறாளாம்.

ஜூன் 14க்கு டிக்கெட் பார்த்திருக்கிறேன். எதிர் வீட்டுத் தம்பியிடம் வாரம் ஒருதரம் ஆல்ட்டோவை ஸ்டார்ட் செய்யச் சொல்லியிருக்கிறேன். பேட்டரி இறங்கிவிடக் கூடாது.