ரோன்ரோக்கோ கேட்ட மார்ச்

மார்ச் 4, திங்கள்

இரவு பதினொரு மணி இருக்கும். மகன் அறையில் 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' விளையாடிக்கொண்டிருந்தான். தண்ணீர் எடுக்கப் போனவள் அவன் அறை வாசலிலேயே நின்றுவிட்டேன். கிட்டார் போல ஒரு தந்தி ஒலி. ஆனால் ஒவ்வொரு சுரத்துக்கும் பக்கத்தில் இன்னொன்று ஒட்டிக்கொண்டு சிலிர்த்தது.

"இதை வாசிக்கிறது யாருடா?"

"தெரியலையேம்மா. இரு, பார்க்கலாம்."

விளையாட்டை நிறுத்திவிட்டு இருவரும் தேடினோம். குஸ்தாவோ சாந்தவோலாயா. 1951இல் பிறந்த அர்ஜென்டினாக்காரர், 1978இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தவர். கருவியின் பெயர் ரோன்ரோக்கோ. படுத்த பிறகும் அந்த ஒலி போகவில்லை.

மார்ச் 6, புதன்

ஆண்டிஸ் மலை மக்களின் சின்னத் தந்திக்கருவியான சரங்கோவுக்கு அண்ணன் முறை இந்த ரோன்ரோக்கோ. உடம்பு பெரிது, குரல் தணிந்தது. இரண்டிரண்டாகக் கட்டிய பத்துத் தந்திகள். ஒரு இழுப்பில் இரண்டு தந்தி சேர்ந்து பேசுவதால்தான் அந்தச் சிலிர்ப்பு.

1998இல் கருவியின் பெயரிலேயே சாந்தவோலாயாவின் இசைத்தொகுப்பு வந்திருக்கிறது. வெளியிடும் எண்ணமே இல்லாமல் பல வருடம் தனக்காகப் பதிவுசெய்து வைத்திருந்தவை. சரங்கோ மேதை ஹைமே தோர்ரெஸ் கேட்டுவிட்டு வற்புறுத்தியதால் வெளியே வந்தன. அப்புறம் ஹாலிவுட் கூப்பிட்டது, அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் இரண்டு ஆஸ்கர். இதெல்லாம் சரி. அவருக்கு இசைக்குறிப்பு படிக்கவும் தெரியாது, எழுதவும் தெரியாது என்பதைப் படித்தபோதுதான் எழுந்து போய் என் கிட்டாரை உறையிலிருந்து எடுத்தேன். நான்கு வருடத் தூசு.

மார்ச் 9, சனி

ஊரை விட்டு வந்த ஏக்கத்தில்தான் சாந்தவோலாயா நாட்டார் இசையைத் தேடியிருப்பார் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 1960களின் கடைசியில், பதின்வயதிலேயே, 'ஆர்கோ இரிஸ்' என்ற ராக் குழு வைத்து நாட்டார் தாளங்களை அதில் கலந்திருக்கிறார். 1976இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. நீண்ட முடி வைத்த ராக் இசைக்காரன் என்பதே போலீஸ் பிடிக்கப் போதுமான காரணம். பலமுறை பிடித்துப் போனார்கள். அதனால்தான் கிளம்பினார். போன இடத்தில் முதலில் வாசித்தது அப்போது புதிதாக வந்திருந்த நியூ வேவ் என்ற ராக் பாணி.

1983இல் மக்களாட்சி திரும்பியது. அதற்குப் பிறகு பாடகர் லியோன் கியேகோவுடன் சேர்ந்து அவர் செய்த வேலையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். தென்கோடி உஷுவாயாவிலிருந்து பொலிவிய எல்லையில் இருக்கும் லா கியாகா வரை, 5,000 கி.மீ.க்கும் அதிகமான நீளத்துக்கு நாட்டின் இசையைப் பதிவுசெய்தார்கள். கலைஞர்களைத் தலைநகருக்கு வரவழைக்காமல் ஒலிப்பதிவுக் கருவிகளை அவர்கள் ஊருக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். ஆண்டிஸ் பழங்குடிகளின் கெச்சுவா மொழியில் பாடும் வயலின் கலைஞர் சிக்ஸ்தோ பலாவெசினோ அதில் வாசித்திருக்கிறார். ஒருவரை அவர் மண்ணில் வைத்துக் கேட்பதற்கும் கண்ணாடி அறைக்குள் நிறுத்திக் கேட்பதற்கும் எவ்வளவு வித்தியாசம்! கலவை இசை செய்கிறேன் என்கிறவர்கள் முதலில் இந்தப் பயணத்தைத்தான் செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது.

மார்ச் 10, ஞாயிறு

காலை முழுக்கச் சகரேராவோடு போனது. அர்ஜென்டினாவின் சந்தியாகோ தெல் எஸ்தேரோ மாகாணப் பக்கத்து நடனத் தாளம். ஆறு எண்ணிக்கைதான். ஆனால் அதே ஆறு ஒரு கையில் மூன்று மூன்றாகவும் இன்னொரு கையில் இரண்டிரண்டாகவும் ஓடுகிறது. சாப்பாட்டு மேசையில் வலது கை 'தகிட தகிட', இடது கை 'தக தக தக'. இரண்டும் முதல் தட்டில் கைகுலுக்கிவிட்டு உடனே பிரிந்துவிடுகின்றன. ஒரு பக்கம் சாய்ந்தால் மறுபக்கம் நழுவுகிறது. குக்கர் மூன்று விசில் அடித்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

இதற்கு அடிக்கும் பறை பொம்போ லெகேரோ. மரத்தைக் குடைந்து, மயிர் நீக்காத தோல் போர்த்துவார்கள். ஒரு லீக் தூரம், அதாவது ஏறக்குறைய 5 கி.மீ., கேட்கும் என்பதால் அந்தப் பெயர். ஒரு கோல் தோலில், ஒரு கோல் மர விளிம்பில். வெட்டவெளிக்கென்று செய்த ஒலி.

மார்ச் 15, வெள்ளி

ஃபோனில் பதிவுசெய்து பார்த்தேன். கிட்டாரில் சகரேரா, கீழே ஒரு மின்னணு டிரம், மேலே கீபோர்ட். கேட்டால் மூன்று பேர் மூன்று அறையில் வாசிப்பது போல இருந்தது. டாங்கோவையும் மின்னணு இசையையும் சேர்த்த சாந்தவோலாயாவின் 'பாஹோஃபோண்டோ' குழுவைத் திரும்பக் கேட்டேன். அங்கே பாண்டோனியோன் என்ற துருத்தி வாத்தியம் மூச்சு விட இடம் இருக்கிறது. என் பதிவில் இடமே இல்லை. கீபோர்டை எடுத்தேன். பிறகு டிரம்மையும்.

மகன் வந்து கதவுச் சட்டத்தில் சாய்ந்து கேட்டான். "இப்ப நல்லாருக்கும்மா. நான் தட்டவா?"

'தக தக தக' சொல்லிக் கொடுத்தேன். விரல் கணுவால் கதவில் தட்டினான். நான் தகிட தகிட. எட்டுச் சுற்று நின்றது. ஒன்பதாவதில் என் கை அவன் பக்கம் போய்விட்டது. மறுபடி முதலிலிருந்து எடுத்தோம்.