கொளுவாத பட்டி

விபத்துப் பிரிவில் நர்ஸாக இருந்து இருந்து, ஆள் வாய் திறப்பதற்கு முன்பே எப்படி அடிபட்டிருப்பார் என்று ஓரளவு தெரிந்துவிடுகிறது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்து வெளியே நிற்கிறதா, அனேகமாக மோட்டார் சைக்கிள். அந்த எலும்பின் முன்பக்கத்தை மூடத் தசை இல்லை, வெறும் தோல்தான், உங்கள் காலையே தடவிப் பாருங்கள், விளங்கும். அதனால் ரோட்டு மண் நேரே உள்ளே போய்விடும், ஆற மாதக்கணக்கு ஆகும். கையை ஊன்றி விழுந்தவருக்கு மணிக்கட்டு, தோள் அடிபட விழுந்தவருக்குக் காறை எலும்பு. நடந்து போகிறவரைக் கார் அடித்தால், வளர்ந்தவருக்குக் காலில் படுகிற அதே பம்பர் சின்னப் பிள்ளைக்குத் தொடையிலோ இடுப்பிலோ படும்.

கை கால் முறிவைக் கண்டு எல்லோரும் பதறுவார்கள். எனக்குப் பயம் அடிபட்ட பிறகும் தாமே நடந்து வருகிறவர்களைப் பார்த்துத்தான்.

நிலாவெளி ரோட்டில் இரவு மாடு படுத்திருந்ததாம், பிரேக் பிடித்து விழுந்த ஒரு தம்பி அப்படித்தான் வந்தான், இருபது வயது இருக்கும். "மிஸ், எனக்கு ஒண்டும் இல்ல, கை தேஞ்சது மட்டும்தான், வீட்ட போகட்டா?" என்றான். ஹெல்மெட் கூட வந்த சினேகிதன் கையில் இருந்தது. பட்டியைக் கொளுவவில்லை, விழும்போதே கழன்று போயிருக்கிறது. காதுக்கு மேலே சின்ன வீக்கம். அந்த இடத்தில் மண்டையோடு மெல்லியது, உள்ளே ஒட்டினாற்போல ஒரு இரத்தக்குழாய் ஓடுகிறது, அது கிழிந்தால் ஆள் சில மணி நேரம் நன்றாகக் கதைத்துவிட்டு அப்புறம்தான் மயங்குவார். ஒரு மணி நேரத்தில் சத்தி எடுத்தான். "என்ர பைக் எங்க?" என்று நாலு தரம் கேட்டான். சரி, இனிப் பொறுக்கக்கூடாது என்று டொக்டரைக் கூப்பிட்டேன், ஸ்கான், ஒபரேஷன், தப்பிவிட்டான்.

ஹெல்மெட் தலைக்காயத்தை 69 சதவீதமும் இறப்பை 42 சதவீதமும் குறைக்கிறது என்று 2008இல் வந்த கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. அது தலையில் நின்றால்தானே! பட்டியைக் கொளுவுங்கோ. தலை அடிபட்டவர் எழுந்து நடந்தாலும் வீட்டுக்குக் கூட்டிப் போகாதீர்கள், இலங்கையில் அம்புலன்ஸுக்கு 1990க்குப் போன் அடியுங்கள், காசு இல்லை. தலையிடி கூடினால், சத்தி எடுத்தால், சொன்னதையே திரும்பச் சொன்னால், வெறும் தூக்கக் கலக்கம் என்று விட்டுவிடாதீர்கள்.

பிறகு கிளினிக்குக்கு அம்மாவோடு வந்தான். மாட்டைப் பற்றி அன்றிரவு எனக்குச் சொன்னதே அவன்தான். இப்போது மாடும் நினைவில்லை, நானும் நினைவில்லை.