சிஓஇ முடிய இரண்டரை ஆண்டு: ஒரு கார் தேடலின் நாட்குறிப்பு

12 அக்டோபர் 2024, சனி

நவம்பர் மாதத்தோடு உட்லண்ட்ஸ் வழியாக வரும் நிறுவனப் பேருந்து நின்றுவிடும் என்று நேற்று வேலையிடத்தில் சொல்லிவிட்டார்கள். சிங்கப்பூரின் மேற்குக் கோடியில் இருக்கும் துவாஸில் காலை ஏழு மணிக்கு எனக்கு வேலை தொடங்குகிறது. ரயிலில் ஜூரோங் ஈஸ்ட் போய், அங்கே மாறி, துவாஸ் லிங்க்கில் இறங்கி, மறுபடியும் ஒரு பேருந்து பிடிப்பது என்றால் ஐந்து மணிக்கெல்லாம் வீட்டைவிட்டு இறங்க வேண்டும். அம்மாவுக்குக் காலை மருந்து கொடுத்துவிட்டுக் கிளம்பும் எனக்கு அது முடியாது. என் கணவரும் ஒத்துக்கொண்டார். கார் வேண்டுமா என்ற கேள்வி தீர்ந்துவிட்டது. எப்போது வாங்குவது என்பதே மீதம்.

இங்கே கார் வைத்துக்கொள்ள, ஏலத்தில் விடப்படும் சிஓஇ என்ற பத்தாண்டு உரிமைச் சான்றிதழ் வேண்டும். சென்ற ஆண்டு அக்டோபரில் சிறிய கார்களுக்கான ஏ பிரிவு சிஓஇ 106,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) போனது. இந்த ஜனவரியில் 65,000 வெள்ளி அளவுக்கு இறங்கியபோது, இன்னும் இறங்கும் என்று நம்பி வாங்காமல் இருந்தேன். இப்போது மறுபடியும் ஒரு லட்சத்தை ஒட்டி நிற்கிறது. அந்தத் தவற்றை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது. அதனால் இந்த முறை ஒவ்வொரு கணக்கையும் எழுதிவைத்த பிறகே முடிவெடுப்பேன்.

20 அக்டோபர், ஞாயிறு

பழைய கார்க் கடைகள் நிறைந்த யூபியில் மூன்று மணி நேரம் சுற்றினோம். எனக்கு ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர் ஓட்டம் இருக்கும் என்பதால், பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த, பெட்ரோல் குறைவாகக் குடிக்கும் ஹைபிரிட் காரே சரி என்று நினைத்துக்கொண்டு போனேன். 2019 நவம்பரில் பதிவான ஒரு ஹைபிரிட் பிடித்திருந்தது. விலை 84,000 வெள்ளி, சிஓஇ முடிய ஐந்து ஆண்டு இருக்கிறது. இன்னொரு கடையில் 2017ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா ஆல்டிஸ், 1.6 லிட்டர், 48,000 வெள்ளி.

இந்த ஊரில் பழைய காரின் விலையை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஆண்டுத் தேய்மானத்தைப் பார்க்க வேண்டும். பத்தாம் ஆண்டு முடியும்போது காரை ஒப்படைத்தால், முதலில் கட்டிய ஏஆர்எஃப் என்ற கூடுதல் பதிவு வரியில் பாதி, பார்ஃப் என்ற கழிவாகத் திரும்பக் கிடைக்கும். விலையிலிருந்து அதைக் கழித்து, மீதமுள்ள ஆண்டுகளால் வகுத்தால் வருவதே தேய்மானம். ஹைபிரிட்டுக்கு மாசு குறைவு என்பதற்காக முதல் உரிமையாளருக்கு வரித் தள்ளுபடி கிடைத்திருக்கிறது. ஆனால் பார்ஃப் உண்மையில் கட்டிய வரியை வைத்தே கணக்கிடப்படுவதால், கடைசியில் எனக்குத் திரும்பக் கிடைப்பது 6,000 வெள்ளிதான். ஆகவே அதன் தேய்மானம் ஆண்டுக்கு 15,600 வெள்ளி. இதை விற்பனையாளர் சொல்லவில்லை. நான் கேட்ட பிறகே ஒத்துக்கொண்டார்.

25 அக்டோபர், வெள்ளி

தம்பி வேலையாக வெளிநாடு போயிருப்பதால், காப்புறுதியில் என் பெயரையும் சேர்த்து அவனுடைய ஹைபிரிட் காரை நான்கு நாள் கொடுத்திருந்தான். இந்த நான்கு நாள் ஓட்டம் என் கணக்கையே மாற்றிவிட்டது. ஹைபிரிட், பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைப் பேட்டரியில் சேர்த்துவைத்து, மறுபடி நகரும்போது அதைக் கொண்டு மோட்டாரை இயக்குகிறது. சிக்னலுக்குச் சிக்னல் நின்று போகும் சாலையில் அதன் அருமை தெரிகிறது: ஈசூனுக்கு அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போய் வந்தபோது நூறு கிலோமீட்டருக்கு 4.4 லிட்டர் என்று காட்டியது. ஆனால் என் அன்றாட வழி கிராஞ்சி விரைவுச்சாலையும் தீவு விரைவுச்சாலையும். விடியற்காலையில் அங்கே ஒரே வேகத்தில் போகும்போது பிரேக் பிடிக்கவே வேலையில்லை. சேமிக்க என்ன இருக்கிறது? அங்கே 5 லிட்டர் காட்டியது.

ஆல்டிஸ் அதே வழியில் 6.5 லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 225 லிட்டர் வித்தியாசம். அட்டைத் தள்ளுபடி போக லிட்டர் 2.40 வெள்ளி என்றால், மிச்சமாவது 540 வெள்ளி. நகருக்குள்ளேயே ஓடும் ஒருவருக்கு இது இரு மடங்குக்கு மேல் வரும். அவருக்கு ஹைபிரிட்டே சரி. எனக்கு அப்படி இல்லை.

எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூரில் பெட்ரோல் போட்டுக்கொண்டால் போகிறது என்று இவர் சொன்னார். சிங்கப்பூர்க் கார் எல்லையைக் கடக்கும்போது டாங்கியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். கால் டாங்கிக்காகக் கடற்பாலத்தில் மணிக்கணக்கில் நிற்க நான் தயாரில்லை.

30 அக்டோபர், புதன்

நாளை தீபாவளி. முறுக்கு சுட்டுக்கொண்டே செய்தி கேட்டேன். வரும் பிப்ரவரியிலிருந்து சில ஆண்டுகளில் 20,000 வரை கூடுதல் சிஓஇ விடப்போவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் நேற்று அறிவித்திருக்கிறது. அப்படியானால் காத்திருப்பதுதான் சரியா?

3 நவம்பர், ஞாயிறு

விருந்தினர் போன பிறகு இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து எழுதுகிறேன். கடந்த இரண்டு நாளாகத் தம்பியோடு இதே பேச்சு. விலை இறங்கப் போவது தெரிந்தும் இப்போது வாங்குவது புத்திசாலித்தனம் இல்லை என்கிறான். நான் மறுத்தேன்: கூடுதல் சிஓஇ சில ஆண்டுகளுக்குப் பிரித்து விடப்படும். பிப்ரவரியில் மொத்தமாக வந்துவிடாது. 2016, 2017ஆம் ஆண்டுகளில் பதிவான ஏராளமான கார்கள் பத்தாண்டை முடித்து வெளியேறி, புதிய சிஓஇக்கு இடம் விடுவதும் 2026, 2027இல்தான். அதுவரை நான் விடியலில் மூன்று வண்டி மாற முடியாது என்றேன்.

பிறகு ஒரு விஷயம் புலப்பட்டது. கடைக்காரர்கள் 'பேப்பர் வேல்யூ' என்று சொல்வார்கள்: இன்றே காரை ஒப்படைத்தால் மீதமுள்ள சிஓஇக்கும் பார்ஃபுக்கும் சேர்த்து அரசாங்கம் திருப்பித் தரும் தொகை. அந்த ஹைபிரிட்டின் சிஓஇ 35,000 வெள்ளிக்கு எடுக்கப்பட்டது. அதில் பாதி 17,500, பார்ஃப் 9,000 (பத்தாண்டுக்கு முன்பே ஒப்படைத்தால் பார்ஃப் கூடுதலாகக் கிடைக்கும்), ஆக 26,500 வெள்ளி. கேட்கும் விலையோ 84,000. இடையிலுள்ள 57,500 வெள்ளி, பெரும்பாலும் இன்றைய சிஓஇ உயர்வாக இருப்பதால் அந்தக் காருக்கு ஏறிய விலை. ஆல்டிஸில் சிஓஇ முதலில் 50,000 வெள்ளி. இரண்டரை ஆண்டுக்கு 12,500, பார்ஃப் 10,800, ஆக 23,300. கேட்கும் விலைக்கும் அதற்கும் இடைவெளி 25,000க்குள் அடங்குகிறது.

சிஓஇ இறங்கினால் கரைவது இந்த இடைவெளிதான். ஐந்து ஆண்டையும் நானே ஓட்டித் தீர்த்தால் கரைவது கண்ணுக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் 2027இல் மற்றவர்கள் குறைந்த தேய்மானத்தில் ஓட்டும்போது நான் இன்றைய விலையையே சுமந்துகொண்டிருப்பேன். ஆகவே, இன்று வாங்கும் கார் 2027 நடுப்பகுதியில் முடிந்துவிட வேண்டும். சிஓஇ அப்போதும் இறங்கவில்லை என்றால், உயர்ந்த விலையில் மறுபடியும் வாங்கவேண்டி வரும். அந்த அபாயத்தை அறிந்தே ஏற்கிறேன். தம்பி இதற்கு மேல் மறுத்துப் பேசவில்லை, சம்மதித்ததாகவும் சொல்லவில்லை.

பத்தாண்டு முடிந்து சிஓஇ புதுப்பித்த காரையும் யோசித்தேன். ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்ததை மறுபடி புதுப்பிக்க முடியாது, பார்ஃபும் இல்லை, சாலை வரியில் கூடுதல் கட்டணம், ஆண்டுதோறும் பரிசோதனை. அம்மாவை ஏற்றிக்கொண்டு போகும் கார் வழியில் நிற்கக்கூடாது. வேண்டாம்.

9 நவம்பர், சனி

யூபியில் பார்த்த ஆல்டிஸைப் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். தங்கள் பட்டறையிலேயே பார்த்தாயிற்று, வெளியே அனுப்ப மாட்டோம் என்றார்கள். வலப்பக்கக் கதவின் வண்ணம் மற்றதோடு ஒட்டவில்லை. டயர் நான்கிலும் பக்கவாட்டில் அச்சிட்ட வாரமும் ஆண்டும் வெவ்வேறாக இருந்தன. முன்பணம் கொடுக்காமல் எழுந்து வந்தோம்.

16 நவம்பர், சனி

புக்கிட் பாத்தோக்கில் வேறொரு கடை, வேறோர் ஆல்டிஸ், 2017 மே மாதப் பதிவு, 98,000 கிலோமீட்டர், ஒரே உரிமையாளர். பரிசோதனைக்குத் தாங்களே ஓட்டிவந்தார்கள். அறிக்கையில் எஞ்சின் தாங்கி ஒன்று தேய்ந்திருப்பதும், பின் பிரேக் பட்டைகள் மாற்ற வேண்டியிருப்பதும் தெரிந்தன. இரண்டையும் மாற்றித் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னேன், எழுதினார்கள். தனியாரிடம் நேரடியாக வாங்கினால் சில ஆயிரம் குறையும் என்று இவருக்கு ஒரு நினைப்பு இருந்தது. ஆனால் 2012இல் வந்த குறைபாட்டுப் பொருள் சட்டத்தின் பாதுகாப்பு வணிகரிடம் வாங்கினால்தான் உண்டு. ஏழு வயதுக் காருக்கு அது எனக்கு வேண்டும்.

விலை 46,000 வெள்ளி. பத்தாண்டு முடிவில் வரும் பார்ஃப் 9,000 போக, ஆண்டுக்கு 14,800 வெள்ளி தேய்மானம். ஹைபிரிட்டைவிட 800 வெள்ளி குறைவு, பெட்ரோலில் கூடுதலாகும் 540ஐக் கழித்தாலும் மிச்சமே. கடன் விலையில் எழுபது விழுக்காடு வரை கிடைக்கும் என்றாலும், இரண்டரை ஆண்டுக்குள் அடைக்க வேண்டியிருப்பதால் மாதத் தவணை நெஞ்சை அழுத்துகிறது. மகளின் படிப்புக்கு ஒதுக்கியதைத் தொடாமல், 20,000 வெள்ளி மட்டுமே கடன் எடுத்தோம். முதல்முறை கார் வாங்குவதால் காப்புறுதியில் சலுகை ஏதுமில்லை. எங்கள் புளோக்கின் அடுக்குக் கார்நிறுத்தத்துக்கு மாதம் 110 வெள்ளி.

1 டிசம்பர், ஞாயிறு

வீட்டிலிருந்து இப்போது ஐந்தே முக்காலுக்குப் பிறகு கிளம்பினால் போதும். அம்மாவின் மருந்து நேரம் தவறவில்லை. நேற்று டாங்கியை நிரப்பினேன்: 612 கிலோமீட்டருக்கு 38.6 லிட்டர், நூறுக்கு 6.3. கணக்கில் 6.5 என்று எழுதியிருந்தேன்.